கரடி குடித்த தறிக்குழி

என்னுடைய கரடிக் கதை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கொஞ்சம் பிரசித்தம். விடிகாலையில் தெருவில் தறிக்கான நெட்டிழைகளைப் பாவாக நீட்டும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பிரிப்பார்கள். கைக்கு வேலை இருக்கும், வாய்க்கு இருக்காது. யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார்: "இன்னாபா, இன்னைக்குக் கரடி வரலையா?" வரவழைத்துவிடுவேன். கரடி மாதிரி நடந்து காட்டுவேன், மரம் ஏறுகிற மாதிரி பாவுக்குச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். சிரிக்கிற சிரிப்பில் பாவு ஆடும். "இழை அறுந்துடப் போவுது, அவனை நிறுத்துங்கடா" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அவர்களும் முடிவுவரை கேட்டுவிட்டுத்தான் அதட்டுவார்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறேன். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. எந்த இடத்தில் மூச்சைப் பிடிப்பார்கள், எந்த இடத்தில் வயிற்றைப் பிடிப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். கதையில் ஒரே ஒரு இடத்தில் பொய் இருக்கிறது. "மச்சான் அப்போ நல்லா தூங்கினுகிறாரு" என்பேன்.

மச்சான் தூங்கவில்லை.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். எங்களுக்கு எதிர் வீடு. என்னைவிட மூன்று வயது பெரியவர் என்றாலும் சின்னதிலிருந்து வாடா போடா என்று வளர்ந்து, நான் அவர் தங்கையைக் கட்டிய பிறகுதான் அவருக்கு நான் மாப்பிள்ளையும் எனக்கு அவர் மச்சானும் ஆனோம். அவருக்கு இடது கால் யானைக்கால். எங்கள் ஊரில் அது ஒரு அதிசயம் இல்லை. தெருவுக்கு நாலு பேர் அப்படி நடப்பார்கள். தறியில் உட்காருபவனுக்கு அந்தக் கால் ஒரு விதத்தில் சௌகரியம்கூட. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பதுதானே எங்கள் பிழைப்பு? காலை மடக்கிச் சம்மணம் போடச் சொன்னால்தான் அவருக்கு உயிர் போகும். குழியில் இறங்குவது அவருக்குச் சுலபம், எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எதிர் வீட்டிலிருந்து குரல் வரும்:

"மாப்ள, கை குடு!"

போய் நிற்பேன். அவர் கையை நீட்டுவார், நான் இழுப்பேன்.

"கெணத்துல வுழுந்த எருமையைத் தூக்குற மாதிரி இருக்குது மச்சான்."

"எருமையைத் தூக்கினா பாலாச்சும் கெடைக்கும். ஒனக்கு இன்னா கெடைக்கப்போவுது, இழுடா."

தினமும் இதே பேச்சுதான். அமாவாசைக்குத் தறி நிற்கும். அன்றைக்கு மட்டும் எங்கள் இருவருக்கும் பொழுது சாய்ந்ததே தெரியாது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து போயின. மூன்றாவது பெண். நாற்பதாம் நாள் அதற்கும் காய்ச்சல் கண்டது. மச்சான் அன்றைக்கு வேண்டிக்கொண்டார்: பிள்ளை ஒரு வயது தாண்டினால், ஜவ்வாது மலையில் இருக்கிற குலதெய்வத்துக்குத் தன் கையால் ஒரு சின்னப் பட்டு நெய்து, தன் காலால் நடந்துபோய்ச் சாத்துவதாக. இருக்கிற கால் எப்படிப்பட்டது என்று தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னார். பிள்ளை பிழைத்தது. ஒரு வயதும் ஆயிற்று.

நாலு முழப் பட்டு. மஞ்சள் உடல், அரக்குக் கரை. கரையைத் தனியாகக் கோர்த்து நெய்கிற வேலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். நான்தான் தள்ளினேன். ஆகவே அந்தப் பட்டில் பாதி ஊடை என் கை பட்டது. தறியிலிருந்து அறுத்து எடுத்த அன்று மச்சானின் மனைவி அதை மஞ்சள் துணியில் சுற்றி மாடத்தில் வைத்தாள். "இது ஆத்தாகிட்டப் போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு கையிலதான் இருக்குது" என்றாள்.

என் மனைவி புளிச்சோறு கட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணனை வுட்டுட்டு எங்கியும் போயிடாதீங்க. அதால ஓட முடியாது."

"எதுக்கு ஓடணும்? சாமி கும்புடப் போறோமா, திருடப் போறோமா?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய நல்ல நகைச்சுவைக்கெல்லாம் வீட்டில் இந்த கதிதான்.

பங்குனி மாதம். அரக்கோணத்திலும் காட்பாடியிலும் ரயில் மாறிப் போளூரில் இறங்கினோம். ஒரு மாட்டுவண்டி மலையடிவாரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. வண்டிக்காரன் போகும்போது, "ஓடைக்கிட்ட தங்கினா பாறை மேல ஏறிப் படுங்க, மணல்ல படுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பாம்புக்காகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

காட்டுக்கும் எனக்கும் அதற்கு முன் எந்த சம்பந்தமும் இல்லை. மரம் என்றால் எனக்குத் தறிமரம். அது அசையாது, அதில் எதுவும் கத்தாது. அங்கே எல்லாம் அசைந்தது, எல்லாம் கத்தியது. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"மச்சான், அது இன்னா சத்தம்?"

"காத்து."

"இது?"

"அதுவும் காத்துதான்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்துதே."

"மொதக் காத்து போய் ரெண்டாவது காத்து வந்துக்கினு இருக்குது. வாய மூடினு வா."

அவர் ஒரு கோலை ஊன்றி, இடது காலைப் பின்னால் இழுத்து இழுத்து ஏறினார். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றார். நான் பட்டு மூட்டையையும் சோற்று மூட்டையையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். முன்னால் போனால் புலி முதலில் என்னைப் பார்க்கும் என்று ஒரு கணக்கு. பின்னால் வருகிறவனைத்தான் புலி பிடிக்கும் என்று பிறகு ஞாபகம் வந்து, முன்னால் போனேன். மலை ஏறிய நேரத்தில் பாதி இப்படி இடம் மாறியதிலேயே கழிந்தது.

சாயங்காலம் ஓடைக்கு வந்து சேர்ந்தோம். கோயிலுக்கு இன்னும் ஒரு ஏற்றம் இருந்தது. அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மச்சான். கூரை இல்லை, மண்டபம் இல்லை. பெரிய பாறைகள், நடுவே அகலமான மணல். பங்குனி வெயிலில் ஓடை வற்றிப்போய், ஓரத்தில் ஒரு குட்டை மட்டும் பாசி பிடித்து, இலை அழுகிக் கிடந்தது. அந்தத் தண்ணீரைத்தான் என் மேல்துண்டில் வடிகட்டிக் குடித்தோம். மூன்று கல்லைக் கூட்டி அதையே காய்ச்சிச் சுக்குத் தட்டிப் போட்டோம். அப்போதும் அது குட்டையாகத்தான் நாறியது.

மச்சானுக்குக் கால் தாளவில்லை. பாறைமேல் உட்கார்ந்தால் காலை நீட்ட வேண்டும். நீட்டினால் கல் குத்தியது. மணலில் மடக்கி உட்கார்ந்தார்; முகம் கோணியது.

"ஒரு குழி இருந்தா தேவலாம் மாப்ள."

குழிதானே? நெசவுக்காரனுக்கு அதைவிட இயல்பான யோசனை வேறு இல்லை. எந்த ஊரில் எந்த வீட்டில் குடியேறினாலும் நாங்கள் அடுப்புக்கு முன்னால் குழிக்குத்தான் இடம் பார்ப்போம். ஒரு தட்டைக் கல்லை எடுத்துக்கொண்டு மணலைப் பறித்தேன். முழங்கால் ஆழம், உட்கார ஒரு விளிம்பு, எல்லாம் அளவாக. அவருக்கு ஒன்று தோண்டினேன். அது அழகாக அமைந்துபோகவே, பக்கத்திலேயே எனக்கும் ஒன்று தோண்டிக்கொண்டேன். இரண்டு பேரும் காலைத் தொங்கவிட்டு அக்கம்பக்கமாக உட்கார்ந்தோம். அடியில் மணல் ஈரமாக, சில்லென்று இருந்தது. நான் இல்லாத நாடாவை இந்தப் பக்கமிருந்து தள்ளினேன், அவர் அந்தப் பக்கமிருந்து பிடித்தார்.

"இப்போதான்டா காலு காலா இருக்குது" என்றார் மச்சான். அந்த மலையில் அவர் சிரித்தது அப்போதுதான்.

சோறு தின்றோம். பாறைமேல் ஏறலாம் என்றேன். "எனக்கு இங்கியே நல்லாக்கீது, ஒடம்பைச் சாச்சிக்கிறேன்" என்று, கால் குழிக்குள் இருக்க, முதுகை மணலில் போட்டுவிட்டார். பட்டு மூட்டையை என்னிடம் கொடுத்தார். "நீ வெச்சிக்கோ. எனக்குக் கீழ ஈரமா இருக்குது." நான் தனியாகப் பாறைமேல் படுக்கப் பயந்துகொண்டு, அவர் தலைமாட்டிலேயே மூட்டையை மார்போடு இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

வெளிச்சம் வந்த பிறகுதான் கண் விழித்தேன். யாரோ கஞ்சியைச் சத்தமாக உறிஞ்சுகிற மாதிரி ஒரு ஒலி. மச்சான் எனக்கு வைக்காமல் குடிக்கிறார் என்று நினைத்தேன். அதற்கு ஏதோ ஒரு பேச்சு நாக்குவரை வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

என் குழியில் ஒருவன் குனிந்துகொண்டிருந்தான். உடைந்த மிதிகட்டையைச் சரிபார்க்கிற மாதிரி, தலை உள்ளே, பின்பக்கம் மேலே. உடம்பெல்லாம் கறுப்பு மயிர். அது கரடி என்று என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது; புத்திக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இரண்டு குழியிலும் தண்ணீர் ஊறியிருந்தது. கண்ணாடி மாதிரி, சுத்தமான தண்ணீர். நாங்கள் அழுகிய குட்டையை வடிகட்டிக் குடித்துவிட்டு, அந்தக் காட்டிலேயே நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் காலைத் தொங்கவிட்டிருக்கிறோம். காடு முழுதும் தாகமாக இருக்கிற மாதத்தில் ஊற்றைத் தோண்டி வைத்து, அதன் பக்கத்திலேயே படுத்தும் இருக்கிறோம்.

மச்சான் முழித்துக்கொண்டிருந்தார். முழங்கால்வரை தண்ணீரில் கால். அவருக்கும் கரடிக்கும் நடுவே ஒரு தறி அகலம்தான் இருக்கும். அவர் கரடியைப் பார்க்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து என்னைப் பார்த்தார். வலது கை மணலிலிருந்து கொஞ்சம் மேலே எழுந்தது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் சொல்வது போல, அதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்:

"மாப்ள. கை குடு."

நான் ஓடினேன்.

ஓடிய விதத்தைத்தான் இத்தனை வருஷமாக ஊருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. வேட்டி முதல் முள்செடியிலேயே நின்றுவிட்டது. அது என்னைவிட தைரியசாலி. ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிறவன், கிளையே இல்லாத ஒரு மரத்தில் இரண்டு ஆள் உயரம் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது, மரத்தைக் கேட்க வேண்டும். ஏறியபின் கீழே பார்த்தேன். விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. கயிறு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். மார்போடு ஒரு மூட்டை இருந்தது. பல்லால் பிரித்தேன். நாலு முழம். இடுப்பைச் சுற்றி, மரத்தைச் சுற்றி, இழுத்து முடிச்சுப் போட்டேன். நெசவுக்காரன் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

கரடி மரம் ஏறும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த முடிச்சை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருப்பேன்.

அங்கிருந்து ஓடை தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்க்கலாம். கூப்பிட்டால் கரடிக்குக் கேட்கும். நான் கூப்பிடவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று சூரியன் மேலே வரவர நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. அலறல் இல்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அலற நேரமே இல்லாமல் போயிருக்கலாம் என்றும் தோன்றியது. தோன்றியும் நான் இறங்கவில்லை. இதை நான் பாவு நீட்டுகிற இடத்தில் சொல்வதில்லை.

பிறகு ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மலைக்காரி ஒருத்தி, இடுப்பில் குடமும் கையில் அரிவாளுமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் கோலை ஊன்றிக்கொண்டு மச்சான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கரடி வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஒரு தரம் அவரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அதற்கப்புறமும் தூக்கிவிட ஆள் இல்லாமல் அவர் குழியிலேயே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீருக்கு வந்த மலைக்காரிதான் கை கொடுத்து எழுப்பினாள்.

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "கரடிக்கு ஊத்து வெட்டி வெச்சிட்டு அது பக்கத்துலயே படுக்கிற ஆளுங்களை இப்பத்தான் பாக்கிறேன். இவுரு இன்னா, மரத்துல காய்ச்சித் தொங்குறாரு?"

"எறங்கு மாப்ள" என்றார் மச்சான்.

முடிச்சு அவிழவில்லை. வியர்வையில் பட்டு நனைந்து இறுகிவிட்டிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். "அவுரல மச்சான்" என்றேன். மலைக்காரி குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாதி மரம் ஏறி, அரிவாளை முடிச்சுக்கிட்டே கொண்டுவந்து, கீழே பார்த்துக் கேட்டாள்: "அறுக்கட்டா?"

மச்சான் கோலை ஊன்றிக் கிட்டே வந்தார். மஞ்சளும் அரக்குமாக என் இடுப்பில் சுற்றியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரம் நெய்தது. ஒரு வருஷம் பிள்ளையின் மூச்சை எண்ணி எண்ணிக் காத்திருந்த பிறகு நெய்தது.

"அறு" என்றார்.

அதன் பிறகும் அவர் மேலே ஏறினார். நான் அவருடைய மேல்துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். கோயிலில் இருந்த பூசாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். "அறுத்த துணி ஆத்தாளுக்கு ஆவாது, எடுத்துக்கினு போங்க" என்றார். மச்சான் வாதாடவில்லை. தேங்காய் உடைத்தார், குங்குமம் வாங்கிக்கொண்டார், இரண்டு துண்டையும் விளிம்பு ஒட்டி மடித்தார். நல்ல துணியைக்கூட அவ்வளவு நேர்த்தியாக மடித்துப் பார்த்ததில்லை.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதில் தயாராக வைத்திருந்தேன். கீழே இறங்கும்வரை திட்டவில்லை. ரயிலிலும் திட்டவில்லை.

ரயிலில் எதிரே இருந்த ஒருவர் என் முகத்துக் கீறலைப் பார்த்து என்ன என்று கேட்டார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. கரடி வந்தது, வேட்டி போனது, மரம் ஏறியது எல்லாம் சொன்னேன். பெட்டியே சிரித்தது. "அப்போ இவரு?" என்று மச்சானைக் காட்டிக் கேட்டார் அவர்.

"மச்சான் அப்போ நல்லா தூங்கினு இருந்தாரு" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. நெய்யும்போது அறுந்த இழையைக் கை தானாக முடிந்துவிடுமே, அந்த மாதிரி வந்துவிட்டது.

அவர் மச்சானிடமே திரும்பினார். "நெஜமாவா? கரடி பக்கத்துல தூங்கினா இருந்தீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ஆமாபா. நல்ல தூக்கம்."

அன்றிலிருந்து அதுதான் கதை. என் மனைவியும் அதைத்தான் கேட்டாள், சிரித்தாள், நம்பினாள். மச்சானின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சள் துணியைப் பிரித்து இரண்டு துண்டையும் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அந்த வருஷம் முழுக்க, பிள்ளை இருமினால் போதும், அவள் கண் தெருவைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வரும். அடுத்த பங்குனிக்கு மச்சான் இன்னொரு பட்டு நெய்தார். எதிர்ப்பக்க நாடாவுக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார். மலைக்கும் வேறு ஆளோடு போய்வந்தார். திரும்பிவந்து குங்குமம் கொடுத்தபோதுதான் போன சங்கதியே எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் பிள்ளைகளை இழுத்துவந்து, "மாமா, கரடி சொல்லு" என்பாள். மச்சான் வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

மலையிலிருந்து வந்த மறுநாள் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விளக்கு வைக்கிற நேரம். நான் தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். எதிர் வீட்டிலிருந்து குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து நானே போனேன். குழிக்குமேல் நின்று கையை நீட்டினேன்.

உத்திரத்திலிருந்து ஒரு புதுக் கயிறு தொங்கியது. நுனியில் பெரிய முடிச்சு. மச்சான் அதை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, மெதுவாக மேலே வந்தார். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, நீட்டியபடியே இருந்த என் கையைப் பார்த்தார்.

"ஒனக்கு எதுக்கு மாப்ள செரமம்" என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டு, ஒரு மாதம் பேசாமல் இருந்து, ஏதாவது கல்யாணத்தில் பேசிவிட்டிருப்போம். எனக்கும் அவருக்கும் பேச்சு ஒருநாளும் நிற்கவில்லை. நல்லது கெட்டதுக்கெல்லாம் கூப்பிடுகிறார். என் வீட்டில் சாப்பிடுகிறார். "கை குடு" என்று மட்டும் அதற்கப்புறம் கேட்டதில்லை.

கயிறு சில வருஷத்துக்கு ஒரு தரம் பிடிக்கிற இடத்தில் தேய்ந்து பிரியும். புதிதாக வாங்கிவர என்னைத்தான் அனுப்புவார். போன வாரமும் அனுப்பினார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தறியிலிருந்தே குரல் கொடுத்தார்:

"நல்லா இழுத்துப் பாத்து வாங்கினு வாபா. நடுவுல வுட்டுடாத கயிறா இருக்கணும்."

சரி மச்சான் என்று போனேன். கடையில் நின்று ஒவ்வொரு கயிறாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். "இன்னாபா, கரடியைக் கட்டப் போறியா?"

ஆமாம் என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிட்டு, இருந்ததிலேயே கெட்டியான கயிற்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.